வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் போதாது

எனக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு டாக்டர் பெயர் சொல்லிக் கேட்டபோது எனக்கு 31 வயது. வலி அதற்கு வெகுகாலம் முன்பே, உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பதாவது படித்தபோதே தொடங்கிவிட்டது. இடைப்பட்ட வருஷங்கள் முழுக்க எங்கள் வீட்டில் அதற்குச் சூட்டு வலி என்றுதான் பெயர். இந்த நோயைக் கண்டுபிடிக்க 4 முதல் 12 வருஷம் வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறதாம். அப்படியானால் மதுரை விளக்குத்தூண் பக்கம் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், எங்கள் புடவை செக்‌ஷனிலேயே இன்னும் ஒருத்திக்காவது இருக்கும். அவளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கிறது. மாதாமாதம் அது தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் மேலோ மூத்திரப்பை மேலோ கர்ப்பப்பைக்குப் பின்புறமோ வளர்ந்தால் அதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அந்தத் திசுவும் ஹார்மோனுக்கு ஏற்றபடி வீங்கும், கசியும். வெளியே போக வழி கிடையாது. அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் சாக்லேட் கட்டி என்பார்கள். இது புற்றுநோய் இல்லை. தொற்றுவதும் இல்லை. நாம் சாப்பிட்டதாலோ வெயிலில் அலைந்ததாலோ வந்ததும் இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கவனிக்காமல் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அம்மா உளுந்தங்களி கிண்டித் தருவார். அம்மாச்சி மோரில் பெருங்காயம் கரைத்துத் தருவார், தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். "ஏத்தா, பொம்பளப் புள்ளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்துச்சு. ஒரு புள்ளையப் பெத்துட்டா சரியாப் போயிரும்" என்பார். அந்த 'எனக்கும் இருந்துச்சு' இப்போது என்னை உறுத்துகிறது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வருவதற்கான வாய்ப்பு அதிகம். அம்மாச்சிக்கு என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

பிள்ளை பெற்றால் சரியாகும் என்ற பேச்சுக்கு என் உடம்பே பதில் சொல்லிவிட்டது. கல்யாணமாகி, செல்லூருக்கு வந்து, மகன் பிறந்தான். கர்ப்பமாக இருந்தபோதும் பால் கொடுத்தபோதும் மாதவிலக்கு இல்லை, வலியும் அடங்கியிருந்தது. மாதவிலக்கு திரும்பியதும் வலியும் திரும்பியது, முன்னைவிடக் கூடுதலாக. மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எண்டோமெட்ரியோசிஸுக்கு வைத்தியமாகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்றே இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று பெற்றுக்கொள்வது வேறு. வலிக்கு மருந்தாக ஒரு பிள்ளையைப் பெறச் சொல்லிப் பெண்ணை அவசரப்படுத்துவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இடையில் டாக்டர்களிடம் போகாமலா இருந்தேன்? போனேன். வயிற்றின் மேலே வைத்து ஸ்கேன் எடுப்பார்கள், நார்மல் என்று வரும். "ஒண்ணும் இல்லம்மா, மனசத் தைரியமா வச்சுக்கோ" என்று வலி மாத்திரை எழுதித் தருவார்கள். இந்த நோயின் சின்னச் சின்னப் புள்ளிகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இதை எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை.

பிறகு ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். வலி ரத்தம் வருவதற்கு முன்பே தொடங்குகிறதா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது ஆசனவாய்ப் பக்கம் குத்துகிறதா, மற்ற நாட்களில் இல்லையா? மூத்திரம் போகும்போது? கணவரோடு சேரும்போது ஆழத்தில் வலிக்கிறதா? இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறதா? மாத்திரை போட்டும் வேலைக்குப் போக முடியாமல் ஆகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு பதறியது. மலம் கழிக்கையில் வந்த வலிக்கு வீட்டில் மூலம் என்று துத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சேரும்போது வரும் வலியை நான் யாரிடமும் பேசியதே இல்லை. எல்லாம் ஒரே நோயின் அடையாளம் என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே உள்வழி ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுப்பது, பார்த்தார்கள். இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, சினைப்பை கர்ப்பப்பையின் பின்புறம் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தது. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். பயத்தைவிட, இத்தனை வருஷமும் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆனதே, அந்த அழுகை.

அதனால் என் முதல் யோசனை இதுதான்: டாக்டரிடம் போகும்போது வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கடையின் பழைய பில் புத்தகத்தில் பின்பக்கம் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். தேதி, ரத்தப்போக்கு எப்படி, வலி எந்த இடம், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டேன், எவ்வளவு நேரம் தாங்கியது, அன்றைக்கு எந்த வேலை நின்றது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பத்துக்கு எட்டு என்று மார்க் போட்டுச் சொன்னதைவிட, 'மேல் தட்டில் புடவையை எடுக்கக் கையைத் தூக்க முடியவில்லை' என்று எழுதியிருந்ததை டாக்டர் நிறுத்திப் படித்தார். இரண்டு மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் எந்த வலி மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறது, எது தனியாக வருகிறது என்று நமக்கே பிடிபடும்.

ஆபரேஷன் செய்து பார்த்தால்தான் நோயை உறுதி செய்ய முடியும் என்ற நிலை இப்போது மாறிவிட்டது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் தேவைப்பட்டால் எம்ஆர்ஐயையும் வைத்து மருந்தைத் தொடங்கலாம் என்கிறார்கள். எனக்கு மருந்தில் வலி போதுமான அளவு கட்டுப்படாததால் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்து கட்டியை எடுத்தார்கள், ஒட்டியிருந்ததைப் பிரித்தார்கள். ஆபரேஷன் பேச்சு வந்தால் சில விஷயங்களைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள். நோயுள்ள திசுவை வெட்டி எடுப்பார்களா, மேலாகச் சுடுவார்களா? குடலில் ஒட்டியிருந்தால் குடல் டாக்டர் கூட இருப்பாரா? சினைப்பையில் கத்தி வைத்தால் கருமுட்டை இருப்பு குறையலாம், அதனால் பிள்ளை வேண்டும் என்று இருப்பவர்கள் அந்த இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டையும் பயாப்சி முடிவையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

செலவு இன்னொரு மலை. கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனையில், நம் ஊர்க்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி, மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். உங்களுக்குச் சொல்லியிருக்கிற ஆபரேஷன் அந்தப் பட்டியலில் வருமா என்று அட்டையை எடுத்துப்போய்க் காப்பீட்டு கவுன்ட்டரிலேயே முதலில் கேளுங்கள். தேதி குறித்தபிறகு கேட்டு அலைய வேண்டாம்.

ஆபரேஷனோடு இது முடிந்துபோகிற நோய் இல்லை. திரும்ப வரலாம். அதனால் எனக்கு டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். இதை எழுதும் இன்று வரை என் வலியைப் பெருமளவு கட்டிவைத்திருப்பது இதுதான். ஆரம்ப மாதங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கும், தலைவலி வரும், சிலருக்கு மனசு சோர்ந்துபோகும். மனச்சோர்வு வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மாற்று மருந்துகள் உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பு பலத்தையும் கவனிக்க வேண்டும். கருத்தடைக்கு இந்த மாத்திரையை நம்பக் கூடாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். இடைவிடாமல் சாப்பிடும் கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், சில மாதங்களுக்குப் போடும் ஊசி என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பது வயதையும் பிள்ளை வேண்டுமா என்பதையும் பொறுத்தது.

இந்த மாத்திரையில் மாதவிலக்கு நின்றபோது எங்கள் அத்தைக்குத் தாங்கவில்லை. "மாசாமாசம் கெட்ட ரத்தம் வெளிய போகணும் தாயி. உள்ள தங்குனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் வந்துவிட்டால், வீட்டுக்குத் தூரமாகிவிடக் கூடாது என்று தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கிப் போடுகிற பெண்கள் எத்தனை பேர்! திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளலாம், வலிக்காக நிறுத்தக் கூடாது என்றால் அது எப்படி நியாயம்? அடுத்த தடவை அத்தையையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த மாத்திரையால் சவ்வு தடிக்காமல் மெல்லிசாகவே இருக்கிறது, உதிர்வதற்கே ஒன்றும் இல்லை, உள்ளே எதுவும் தேங்கவில்லை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து ராத்திரி மாத்திரை போட்டாயா என்று கேட்பவரே அத்தைதான். ஒன்று சொல்ல வேண்டும், தள்ளிப்போடும் மாத்திரையும் ஹார்மோன்தான். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று கிராமத்தில் சுலபமாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். குடல் மேலும் மற்ற இடங்களிலும் இருக்கிற திசு கர்ப்பப்பையோடு போய்விடாது, அது அங்கேயே இருந்தால் வலியும் இருக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் காலத்துக்கு முன்பே மாதவிலக்கு நின்று எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இன்னொரு டாக்டரிடமும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

வலி மாத்திரை பற்றி. மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சென், இப்யூபுரூஃபன் போன்றவை உடம்பில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பவை. அது உருவாகிப் பெருகிய பிறகு மாத்திரை போட்டால் பாதிதான் கேட்கும். அடிவயிறு கனக்கத் தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் போட வேண்டும். 'தாங்க முடியாதபோது போட்டுக்கலாம்' என்று இழுத்துக்கொண்டிருந்தால் வாந்தியில் மாத்திரையே வெளியே வந்துவிடும். இந்த வகையில் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் போடக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லித்தான் போட வேண்டும், கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் அப்படியே. 2023இல் மத்திய அரசின் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல் என்று கடுமையான ஒவ்வாமை வரலாம். மாத்திரை சாப்பிட்ட சில வாரங்களுக்குள் அப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் "அந்த வயித்துவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று வாங்குகிற நம் பழக்கத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்தடம் உண்மையாகவே உதவுகிறது. வெந்நீர்ப் பையை நேராகத் தோலில் வைக்காமல் துண்டில் சுற்றி வைக்க வேண்டும். தினமும் அதிகச் சூட்டில் வைத்ததில் என் வயிற்றில் வலை பின்னியது போலப் பழுப்புத் தழும்பு விழுந்தது. டாக்டர் சூட்டைக் குறைக்கச் சொன்னார். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் வெந்நீர்ப் பையோடு படுப்பது கொடுமை, அந்த நாட்களில் டென்ஸ் மெஷின்தான் துணை. தோலில் ஒட்டவைத்தால் லேசான மின் துடிப்புக் கொடுக்கும், பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வேலையும் பார்க்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

பிசியோதெரபி பற்றி யாரும் நம்மிடம் சொல்வதில்லை. வருஷக்கணக்கில் வலிக்குப் பயந்து இடுப்பின் அடித்தளத் தசைகளை நாமே இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறோம். பிறகு அந்தத் தசைகளே வலியைக் கொடுக்கும், மாதவிலக்கு இல்லாத நாட்களிலும். எனக்கு வயிறு எழும்பும்படி மூச்சை இழுத்து, விடும்போது கீழ்ப்பக்கத்தைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். பார்க்கச் சாதாரணம், ஆனால் சேரும்போது இருந்த வலி குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இறுக்கமாக இருக்கும் தசைக்கு, அதை இன்னும் இறுக்கிப் பிடித்து விடும் கெகல் பயிற்சி செய்தால் வலி கூடலாம், எனவே பார்த்த பயிற்சியையெல்லாம் செய்யாமல் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். கணவரிடம் வாய்விட்டுப் பேசியதும் உதவியது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்பதில் இப்போது எங்களுக்குள் சங்கடம் இல்லை.

சாப்பாட்டில் அதிசயம் எதுவும் இல்லை. மலச்சிக்கல் வந்தால் வலி இரட்டிப்பாகிறது, அதனால் கீரை, தண்ணீர். ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை, அதை டீயோடு சேர்க்காமல். உளுந்தங்களி இன்றும் விரும்பிச் சாப்பிடுகிறேன்.

வேலைதான் பெரிய சோதனை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடியே இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் கேட்டால்தான் ஸ்டூல் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் அக்காவிடம் டாக்டர் சீட்டைக் காட்டி, வலி நாட்களில் பில் கவுன்ட்டரிலோ மடிக்கிற இடத்திலோ உட்காரவிடும்படி கேட்டேன். லீவு கேட்பதைவிட இப்படி எது முடியும் என்று சொல்லிக் கேட்டது எடுபட்டது. அதன்பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்கள் வலியை அவரிடம் சொன்னார்கள்.

சில வலிகளுக்கு நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. திடீரென்று ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, கூடவே காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, நாள் தள்ளிப்போன நேரத்தில் கடும் வலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது எங்கள் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்துவிடுவாள். அக்கா அவளுக்குச் சூட்டு வலி என்றாள். நான் விடவில்லை, இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கல்யாணமாகாத பிள்ளைக்கு உள்வழி ஸ்கேன் எடுப்பார்களோ என்றுதான் அக்காவுக்குப் பயம். அப்படி எதுவும் செய்யவில்லை. வயிற்றின் மேல்வழியாகவே பார்த்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. தேவைப்பட்டால் பிறகு எம்ஆர்ஐ எடுக்கலாம், குடும்பத்தில் சித்திக்கு இருப்பதால் இவளையும் தொடர்ந்து பார்க்கிறேன் என்றார் டாக்டர். அவளும் நோட்டு எழுதுகிறாள். பொதுத்தேர்வு நாளில் தேதி விழுந்தால் முதல் நாள் ராத்திரியே சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு டீச்சரிடம் அக்காவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.